திரும்பி வந்த தண்ணீர்: ஒரு ரெயில்கிராஃப்ட் பாய்லர் வெடிப்பின் ஆய்வு

எங்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வரில் இருந்த பெரிய பாய்லர் வெடித்த நேரத்தில் அதை யாரும் தொடவே இல்லை. நண்பர் ஒருவர் நெதரில் (விளையாட்டின் பாதாள உலகம்) வெகுநேரம் சுற்றிவிட்டு வெளியே வந்து, ஏரிக்கரை ஓரமாக வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஏரியைத் தாண்டுவதற்குள் எதிரே பாய்லர் கொட்டகையின் கூரை பறந்தது. தொட்டிகள் நின்ற இடத்தில் பெரிய பள்ளம். 18 எஞ்சின்களில் பாதிக்கு மேல் காணோம்.

"க்ரீப்பர் வேலை" என்றார் ஒருவர்; ஆளை நெருங்கி வெடிக்கும் விளையாட்டுப் பிராணி அது. "நீராவி நிறைந்து அழுத்தம் தாங்காமல் போயிருக்கும்" என்றார் இன்னொருவர். இரண்டுமே இல்லை. அதைக் கண்டுபிடித்த விதத்தையும், அதற்குப் பிறகு பாய்லரை எப்படி மாற்றிக் கட்டினோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். மைன்கிராஃப்ட் 1.7.10-இல் ரெயில்கிராஃப்ட் மோட் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) போட்டு விளையாடுகிறவர்கள் யாருக்கும் இது நடக்கலாம்.

கட்டியிருந்த விதம்

ரெயில்கிராஃப்ட் பாய்லரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம். கீழே ஃபயர்பாக்ஸ் என்ற அடுப்பு, மேலே தொட்டிகள். ஃபயர்பாக்ஸில் கரி போன்ற திட எரிபொருளுக்கு ஒரு வகை, கிரியோசோட் போன்ற திரவத்துக்கு ஒரு வகை. தொட்டியிலும் இரண்டு வகை உண்டு. இரும்புத் தகட்டில் செய்வது லோ பிரஷர், 500 டிகிரி வரை சூடேறும். எஃகுத் தகட்டில் செய்வது ஹை பிரஷர், 1000 டிகிரி வரை போகும். நம் இஷ்டத்துக்கு அடுக்க முடியாது. 1, 8, 12, 18, 27, 36 என்ற எண்ணிக்கைகளில் தொட்டிகளை அடுக்கினால்தான் பாய்லராக ஒன்று சேரும். சூடு 100 டிகிரியைத் தாண்டிய பிறகு நீராவி வர ஆரம்பித்து, உச்ச வெப்பநிலையில்தான் முழு அளவு கிடைக்கும்.

எங்களுடையது 36 தொட்டி ஹை பிரஷர். ஒரு ஹை பிரஷர் தொட்டி ஒரு டிக்குக்கு (விளையாட்டுக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) 20 அலகு நீராவி தரும். 36 தொட்டிக்கு 720. இண்டஸ்ட்ரியல் நீராவி எஞ்சின் ஒன்று டிக்குக்கு 40 அலகு குடித்து 80 ஆர்எஃப் (மோட்களின் மின் அலகு) மின்சாரம் தரும். ஆக 18 எஞ்சின், டிக்குக்கு 1440 ஆர்எஃப். அந்தக் காலத்து மோட் தொகுப்புகளில் இது ராஜ வாழ்க்கை.

தண்ணீர்க் கணக்கைப் பெரும்பாலோர் போட்டுப் பார்ப்பதில்லை. ரெயில்கிராஃப்டில் ஒரு பங்கு தண்ணீர் 160 பங்கு நீராவியாகிறது. நிஜத்தில் சாதாரணக் காற்றழுத்தத்தில் இது 1600 மடங்குக்கும் மேல். மோட் எழுதியவர் ஒரு சைபரைக் கழற்றிவிட்டார் போலிருக்கிறது. 720-ஐ 160-ஆல் வகுத்தால் டிக்குக்கு 4.5 மில்லிபக்கெட் தண்ணீர். மேலே அலகு என்று சொன்னதும் இதுதான், பக்கெட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு விநாடிக்கு 20 டிக். அதாவது விநாடிக்கு 90 மில்லிபக்கெட், ஏறக்குறைய 11 விநாடிக்கு ஒரு பக்கெட் தண்ணீர். பார்க்கச் சின்ன எண்தான், ஆனால் ஒரு நொடிகூட நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எரிபொருள் கரி. மரத் தோட்டத்திலிருந்து வந்த கரி ஒரு பெரிய பெட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ஹாப்பர் (பொருளைக் கீழே இறக்கும் புனல்) வழியாக ஃபயர்பாக்ஸுக்குள் இறங்கியது. ஹாப்பருக்கு மின்சாரம் வேண்டாம், யாரும் பார்த்துக்கொள்ளவும் வேண்டாம். தண்ணீர் ஏரியிலிருந்து வந்தது. கரையில் ஒரு பம்ப், அதிலிருந்து பாய்லர் வரை பில்ட்கிராஃப்ட் என்ற இன்னொரு மோடின் பைப். பம்புக்கு மின்சாரம் இதே பாய்லர் கொடுத்ததுதான்.

பாய்லர் கொட்டகையில் ஒரு வேர்ல்ட் ஆங்கர் இருந்தது. மைன்கிராஃப்ட் உலகத்தை 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட சங்க்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லாத சங்க்கை சர்வர் நினைவிலிருந்து இறக்கிவிடும். அங்கே இருப்பதெல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். ஆங்கர் தன்னைச் சுற்றி 3-க்கு 3 சங்க்குகளை எப்போதும் உயிரோடு வைத்திருக்கும். கொட்டகை, கரிப்பெட்டி, எஞ்சின்கள், எனர்ஜி செல் (மின்சாரம் சேமிக்கும் பெட்டி) எல்லாம் அந்த எல்லைக்குள்ளேயே இருந்தன. ஏரி இல்லை. பம்பும் பைப்பின் முன்பாதியும் எல்லைக்கு வெளியே.

பள்ளத்தில் கிடைத்த தடயங்கள்

க்ரீப்பர் சந்தேகத்தை முதலிலேயே தள்ளினோம். பள்ளத்தின் நடு, தொட்டிகள் நின்ற இடத்திலேயே இருந்தது. க்ரீப்பர் வந்திருந்தால் சுவர் ஓரமாகவோ கதவுப் பக்கமோ வெடித்திருக்கும். தவிர, ஆள் பக்கத்தில் இல்லாமல் க்ரீப்பர் தானாக வெடிப்பதில்லை.

அழுத்தம் என்ற சந்தேகத்தையும் சீக்கிரம் முடித்துவிட்டோம். ரெயில்கிராஃப்ட் பாய்லருக்கு அழுத்தம் என்ற கணக்கே கிடையாது. ஹை பிரஷர், லோ பிரஷர் என்பதெல்லாம் பெயரளவில்தான். நீராவியை யாரும் எடுக்காமல் விட்டால் அது பாட்டுக்கு நிறைந்து நிற்கும், கரி வீணாக எரியும். வெடிக்காது. நிஜ பாய்லரில் சேஃப்டி வால்வு செய்கிற வேலைக்கு இந்த விளையாட்டில் தேவையே இல்லை.

துப்புத் துலங்கியது இரண்டு இடங்களில். வெடிப்புக்குத் தள்ளி நின்ற எனர்ஜி செல் முழுக்கக் காலி. அதே சமயம் கரிப்பெட்டியில் நிறையக் குறைந்திருந்தது. கரி எரிந்திருக்கிறது, ஆனால் மின்சாரம் வரவில்லை. அப்படியானால் ஃபயர்பாக்ஸ் நெடுநேரம் நீராவி இல்லாமலே எரிந்திருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை.

அடுத்து ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பார்த்தோம். பம்ப் நன்றாக இருந்தது, ஆனால் ஓடவில்லை; செல்லில் மின்சாரம் இல்லாதபோது எப்படி ஓடும்? பைப்புக்குள் மட்டும் ஆங்காங்கே தண்ணீர் நின்றது. இதுதான் எங்களைக் குழப்பியது. காய்ந்த தொட்டி தானாக வெடிக்காது, தண்ணீர் உள்ளே வந்தால்தான் வெடிக்கும். பம்ப் ஓடவில்லை என்றால் பாய்லருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கதையை வரிசைப்படுத்திப் பார்த்தபோது விடை கிடைத்தது. எல்லோரும் ஏரிப் பக்கத்தைவிட்டுப் போனதும் அந்தச் சங்க்குகள் உறைந்தன. பம்ப் நின்றது. பைப்பின் முன்பாதியில் இருந்த தண்ணீர் அப்படியே நின்றது. பின்பாதியில் இருந்தது பாய்லருக்குள் வடிந்தது. ஆங்கர் புண்ணியத்தில் பாய்லர் விழித்திருந்து மிச்சத் தண்ணீரையும் நீராவியாக்கி முடித்தது. எஞ்சின்கள் நின்றன, செல்லில் இருந்ததை மற்ற இயந்திரங்கள் குடித்துத் தீர்த்தன. ஹாப்பர் மட்டும் தன் கடமையை விடாமல் செய்துகொண்டிருந்தது. வெறும் தொட்டி 1000 டிகிரியில் காய்ந்துகொண்டு நின்றது. எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அப்புறம் நண்பர் ஏரிக்கரைக்கு வந்தார். சங்க்குகள் விழித்தன. பைப்பில் உறைந்திருந்த தண்ணீர், பம்ப் ஓடாமலேயே, விட்ட இடத்திலிருந்து பாய்லரை நோக்கி நகர்ந்தது. நன்றாகச் சூடேறி வறண்டு கிடக்கும் பாய்லருக்குள் தண்ணீர் நுழைந்தால் ரெயில்கிராஃப்ட் அதை வெடிக்க வைக்கும். எவ்வளவு தண்ணீர் என்று அது கேட்பதில்லை.

வறட்சி வேறு, ஆபத்து வேறு

இந்த விபத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: பாய்லர் காய்ந்து போவதைத் தடுக்க எல்லோரும் பாடுபடுகிறார்கள், காய்ந்த பிறகு தண்ணீர் திரும்பி வருவதைத் தடுக்க யாரும் எதுவும் செய்வதில்லை. வெடிப்பு நடப்பதோ இரண்டாவது கட்டத்தில்.

வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "நடுவில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வை." ரெயில்கிராஃப்டின் மரத் தண்ணீர்த் தொட்டி 400 பக்கெட் பிடிக்கும். எங்கள் பாய்லருக்கு விநாடிக்கு 90 மில்லிபக்கெட் என்றால் அது 74 நிமிடம் தாங்கும். நல்லதுதான். ஆனால் 75-வது நிமிடம் அதே நிலைமை வரும். அதற்குள் எல்லோரும் அந்தப் பாய்லரையே மறந்திருப்பார்கள். பெரிய தொட்டி விபத்தைத் தள்ளிப் போடுகிறது, தடுப்பதில்லை.

இன்னொரு கண்ணி, தண்ணீர் போதாமல் வரும் அமைப்பு. பாய்லர் குடிக்கும் வேகத்தைவிட வரத்து கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். சூடேறும்வரை எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அப்போது நீராவியும் குறைவு, தண்ணீர்த் தேவையும் குறைவு. உச்ச வெப்பத்தை நெருங்கும்போது தொட்டி மெல்ல இறங்கி ஒரு கணம் சைபரைத் தொடும். அடுத்த சொட்டு வந்ததும் வெடிக்கும். தண்ணீர் நிற்கவே இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று கட்டியவர் சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான்.

எங்கள் அமைப்பில் மூன்று குறைகள் ஒன்றையொன்று வளர்த்தன. தண்ணீரும் நெருப்பும் வெவ்வேறு சங்க்குகளில் இருந்தது முதல் குறை. நெருப்புக்கான வழி எந்த உதவியும் இல்லாமல் ஓட, தண்ணீருக்கான வழி மட்டும் பல பேர் தயவில் ஓடியது இரண்டாவது. இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பம்புக்கு மின்சாரம் அதே பாய்லரிடமிருந்து வந்தது மூன்றாவது: நீராவி குறைந்தால் மின்சாரம் குறையும், மின்சாரம் குறைந்தால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் நீராவி இன்னும் குறையும்.

இந்தச் சுழலை ஃபேக்டோரியோ என்ற தொழிற்சாலை விளையாட்டை ஆடுபவர்கள் நன்றாக அறிவார்கள். அங்கே பாய்லர் வெடிக்காது. 1.8 மெகாவாட் பாய்லர் ஒன்று, 900 கிலோவாட் எஞ்சின் இரண்டு என்று அமைதியாக வரிசை கட்டி நிற்கும். ஆனால் பாய்லருக்கு நிலக்கரி போடும் இன்சர்ட்டர் மின்சாரத்தில் ஓடினால், சுமை கூடும்போது மின்சாரம் தளர்ந்து, இன்சர்ட்டர் மெதுவாகி, நிலக்கரி குறைந்து, தொழிற்சாலை மொத்தமும் படுத்துவிடும். அதற்காகத்தான் அனுபவஸ்தர்கள் பாய்லர் வரிசைக்கு மட்டும் நிலக்கரியிலேயே ஓடும் பர்னர் இன்சர்ட்டரைப் போடுகிறார்கள். பாய்லரை உயிரோடு வைத்திருக்கும் கருவி அந்தப் பாய்லரை நம்பி இருக்கக் கூடாது என்பதை அந்த விளையாட்டு வெடிக்காமலே கற்றுக்கொடுக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ஃபேக்டோரியோவுக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

நிஜ பாய்லரில்

விளையாட்டின் விதி காற்றிலிருந்து வந்ததல்ல. 1803 செப்டம்பரில் லண்டன் அருகே கிரீனிச்சில் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் உயரழுத்த எஞ்சின் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். பாய்லரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போயிருந்தான். இன்னொரு தொழிலாளி எஞ்சினை நிறுத்தினார், ஆனால் இறுக்கி வைத்திருந்த வால்வைத் தளர்த்தவில்லை. அதன் பிறகு ட்ரெவிதிக் தன் பாய்லர்களில் ஈயத்தால் ஆன ஒரு அடைப்பானைச் சேர்த்தார். தண்ணீர் மூடியிருக்கும்வரை ஈயம் உருகாது. தண்ணீர் மட்டம் இறங்கி அடைப்பான் வெளியே தெரிந்தால் 327 டிகிரியில் ஈயம் உருகி ஓட்டை விழும், நீராவி நெருப்பின் மேல் சீறும். ஆள் பார்க்காவிட்டாலும் பாய்லர் தானே காட்டிக்கொடுக்கும்.

ஒரு விஷயத்தில் விளையாட்டு நிஜத்தைவிட இரக்கமானது. நிஜ பாய்லர் காய்ந்தாலே ஆபத்து. தண்ணீர் மூடாத எஃகு மிதமிஞ்சிச் சூடேறி வலுவிழக்கும். உள்ளே இருக்கும் அழுத்தமே அதைக் கிழிக்கப் போதும். ரெயில்கிராஃப்டில் காய்ந்த தொட்டி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். ஆனால் செய்ய வேண்டியது இரண்டிலும் ஒன்றே. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை என்றால் முதலில் நெருப்பை நிறுத்து, தண்ணீரைத் திறக்காதே, ஆறட்டும் என்பது பாய்லர் இயக்குபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். இன்றைய பாய்லர்களில் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு எல்லைகள் வைக்கிறார்கள். முதல் எல்லையில் எச்சரிக்கை ஒலிக்கும். இரண்டாவதில் எரிப்பான் நின்று பூட்டிக்கொள்ளும். மட்டம் சரியானாலும் ஆள் வந்து கையால் விடுவிக்கும்வரை திரும்ப எரியாது. எங்கள் புதிய பாய்லருக்கு இந்த யோசனையைத்தான் கடன் வாங்கினோம்.

மறுபடியும் கட்டியது

முதலில் அளவைக் குறைத்தோம். 36 தொட்டி ஹை பிரஷர் பாய்லர் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் கரியை வாரி விழுங்கும். அதனால் ஒருமுறை சூடேறியதை அணைக்க யாருக்கும் மனசு வராது. சந்தேகம் வந்தாலும் "ஓடட்டும், பார்க்கலாம்" என்பார்கள். அணைக்கத் தயங்க வைக்கும் இயந்திரத்தை எத்தனை பூட்டுப் போட்டும் பாதுகாப்பானதாக்க முடியாது என்பது என் கட்சி. இப்போது 18 தொட்டி லோ பிரஷர் இரண்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் டிக்குக்கு 180 அலகு நீராவி, நான்கு எஞ்சின். ஒன்றை அணைத்தாலும் மற்றது ஓடும். மொத்த மின்சாரம் பாதிக்கும் கீழே போய்விட்டது, ஆனால் அந்த 18 எஞ்சினையும் நாங்கள் முழுதாகப் பயன்படுத்தியதே இல்லை.

தண்ணீரை ஏரியிலிருந்து கொண்டுவரும் பேச்சையே விட்டுவிட்டோம். தெர்மல் எக்ஸ்பான்ஷன் மோடின் அக்வியஸ் அக்யூமுலேட்டர் பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் கட்டங்கள் இருந்தால் போதும், மின்சாரம் இல்லாமலே தண்ணீர் தரும். ஒரு பாய்லருக்கு விநாடிக்கு 22.5 மில்லிபக்கெட்தான் தேவை என்பதால் வரத்து தாராளமாக மிஞ்சுகிறது. என்இஐ மோட் இருந்தால் எஃப்9 அழுத்திச் சங்க் எல்லைகளைப் பார்க்கலாம். பாய்லர், அக்யூமுலேட்டர், கரிப்பெட்டி, ஹாப்பர், ரெட்ஸ்டோன் (விளையாட்டில் சிக்னல் கடத்தும் கம்பி) எல்லாம் ஒரே சங்க்குக்குள் அடங்கும்படி தரையில் கோடு போட்டுவிட்டுத்தான் முதல் கல்லை வைத்தோம். ஆங்கரின் எரிபொருளான எண்டர் பேர்ல் தீர்ந்து சங்க் உறைந்தால்கூட எல்லாம் சேர்ந்து உறையும், சேர்ந்து விழிக்கும். பாதி தூங்கிப் பாதி விழித்திருப்பதுதான் எங்களைக் கொன்றது.

பூட்டு இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. பில்ட்கிராஃப்ட் கேட் ஒன்று பாய்லரின் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறது. 25 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஹாப்பருக்கு ரெட்ஸ்டோன் சிக்னல் போகும், கரி இறங்குவது நிற்கும், நோட் பிளாக் அலறும். ஃபயர்பாக்ஸுக்குள் ஏற்கெனவே விழுந்த கரி எரிந்து தீரும்வரை சூடு குறையாது. அதனால் இது மட்டும் போதாது. தண்ணீர் முழுதாகக் காலியானால் இரண்டாவது சிக்னல் ஒரு லேட்ச்சை (கையால் விடுவிக்கும்வரை அப்படியே நிற்கும் சுற்று) பிடித்துவைக்கும். அக்யூமுலேட்டரையும் பாய்லரையும் இணைக்கும் குழாயில் தெர்மல் டைனமிக்ஸ் மோடின் செர்வோ (வால்வு மாதிரி) ஒன்று இருக்கிறது. லேட்ச் பிடித்திருக்கும்வரை அது திறக்காது. வரத்து திரும்பி வந்தாலும் தண்ணீர் செர்வோவுக்கு அந்தப் பக்கமே நிற்கும். செர்வோவுக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரே ஒரு குழாய்த் துண்டுதான். நீளக் குழாயில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று.

லேட்ச்சை விடுவிக்கும் லீவர் பாய்லருக்கு நேர் எதிரே இருக்கிறது. தூரத்திலிருந்து விடுவிக்க வழி வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். பாய்லர் திரையைத் திறந்து வெப்பநிலை 100-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் சில பக்கெட் தண்ணீரைக் கையால் ஊற்ற வேண்டும். மட்டம் ஏறிச் சிக்னல் அணைந்த பிறகுதான் லீவர் வேலை செய்யும். புதிதாகப் பற்றவைக்கும்போதும் இதே வரிசை: தண்ணீர், பிறகு லீவர், கடைசியில் கரி. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது என்று சர்வரில் புகார் வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டி முடித்ததும் சோதித்தோம். ஒரு பாய்லரை முழுச் சூட்டுக்குக் கொண்டுபோய், அக்யூமுலேட்டரின் பக்கத்திலிருந்த தண்ணீரை வாளியால் அள்ளிவிட்டுத் தள்ளி நின்றோம். நோட் பிளாக் அலறியது, ஹாப்பர் நின்றது. உள்ளே கிடந்த கரி எரிந்துகொண்டே இருக்க, தொட்டி காலியாகி லேட்ச் பிடித்தது. தண்ணீரைத் திரும்பக் கொட்டினோம். அக்யூமுலேட்டர் நிறைந்தது, பாய்லருக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

ஒரு குறை மட்டும் அந்தச் சோதனையில் தெரிந்தது. நோட் பிளாக் சத்தம் கொட்டகைக்கு வெளியே கொஞ்ச தூரம்தான் கேட்கிறது. சுரங்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பூட்டு தானாக வேலை செய்வதால் வெடிக்காது, ஆனால் மின்சாரம் ஏன் குறைந்தது என்று யாரும் கவனிக்காமல் நாள் கணக்கில் ஒரு பாய்லர் ஆறிக் கிடக்கலாம். அதனால் வீட்டு வாசல் வரை ரெட்ஸ்டோன் கம்பி இழுத்து ஒவ்வொரு பாய்லருக்கும் ஒரு விளக்கு போட்டிருக்கிறோம். லேட்ச் பிடித்தால் அந்தப் பாய்லரின் விளக்கு எரியும்.